கேள்விகளுக்கும் இடம் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் கலை நிகழ்ச்சிகளுக்கும் சிறப்புச் சொற்பொழிவுகளுக்கும் குறைவில்லை. பெயர்பெற்றவர் வருகிறார், மேடை நிறைகிறது, கைதட்டல் கேட்கிறது. முடிந்ததும் மாணவர்கள் வெளியே வரும்போது என்ன பேசிக்கொண்டு போகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். நாளைய ஆய்வக அறிக்கையைப் பற்றித்தான் பேச்சு என்றால், அந்த மாலை வீண். பெரும்பாலும் பேச்சாளர்மேல் தவறிருக்காது. மாணவர்கள் வாய் திறக்க நிகழ்ச்சி நிரலில் இடமே இருந்திருக்காது.

கலையும் சிந்தனையும் பொறியியல் படிப்போடு பின்னால் ஒட்டவைத்தவை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது சரியல்ல. ஜூரிச்சின் தொழில்நுட்பக் கல்லூரி 1855இல் தொடங்கியபோதே அங்கே கலை வரலாறு கற்பித்தவர் யாக்கோப் புர்க்ஹார்ட், அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இளநிலைப் பட்டம் பெற மானுடப் புலம், கலை, சமூக அறிவியல் ஆகியவற்றில் 8 பாடங்களை முடித்தாக வேண்டும். இந்தியாவில் டெல்லி ஐ.ஐ.டி. பேராசிரியர் கிரண் சேத் 1977இல் ஸ்பிக் மெக்கே இயக்கத்தைத் தொடங்கினார். பெரிய கலைஞர்கள் மாணவர்கள் நடுவே உட்கார்ந்து, வாசித்தும் விளக்கியும் காட்டும் முறையை அது கல்லூரிகளுக்குப் பரப்பியது.

வாசித்தும் விளக்கியும் என்றேனே, தொழில்நுட்ப மாணவர்களுக்கு அதுதான் சரியான வாசல். ஒரு மாலையைக் கற்பனை செய்து பாருங்கள். வயலின் கலைஞர் ஒருவர் ஒரு சுரத்தையும் அதற்கு மேல் ஐந்தாவது சுரத்தையும், அதாவது சட்ஜத்தையும் பஞ்சமத்தையும், சேர்த்து இழுக்கிறார். இயற்கையான பஞ்சமத்தின் அதிர்வெண் சட்ஜத்தைப் போல் 1.5 மடங்கு. அடுத்து ஒரு மாணவர் மின்னணு விசைப்பலகையில் அதே இரண்டையும் அழுத்துகிறார். அங்கே ஸ்தாயி, அதாவது சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரையுள்ள இடைவெளி, 12 சமபங்காகப் பிரிக்கப்பட்டிருப்பதால் பஞ்சமம் 1.4983 மடங்குதான். சட்ஜம் 200 ஹெர்ட்ஸ் என்றால் ஒன்று 300, மற்றது 299.66. இவ்வளவு சின்ன வித்தியாசம் காதுக்குத் தெரியுமா? தெரியும். எந்தச் சுரத்தோடும் அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்கு, மும்மடங்கு உள்ள மேலொலிகளும் மெல்லக் கேட்கும். விசைப்பலகையில் இரண்டு சுரங்களின் மேலொலிகளும் 600 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மோதி, மூன்று விநாடிக்கு இரண்டு முறை ஒலி மெல்ல ஏறி இறங்கும். அதைக் கேட்ட மாணவர் கால்குலேட்டரை எடுப்பார். அப்புறம், ‘எல்லாச் சுருதியிலும் வாசிக்க வசதி வேண்டும் என்பதற்காக இந்தத் துல்லியத்தை விட்டுக்கொடுத்தது சரியா?’ என்று கேட்பார். அந்தக் கேள்விக்குக் கணக்கில் விடை இல்லை. நாம் தேடும் இடம் அதுதான்.

இந்தக் கேள்வி பிறக்க நேரம் வேண்டும். மொத்தம் 90 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிமுகத்துக்கு 3 நிமிடம். உரைக்கோ விளக்கத்துக்கோ 35, அதிகம் போனால் 40. அதன் பிறகு நேராகக் ‘கேள்விகள் உண்டா?’ என்று கேட்டுவிடாதீர்கள். அரங்கம் உறைந்துபோகும், ஒருங்கிணைப்பாளரே ஒரு கேள்வி கேட்டு முடித்துவைப்பார். அதற்குப் பதிலாக, பக்கத்தில் இருப்பவரோடு 5 நிமிடம் பேசச் சொல்லுங்கள்: புரியாதது எது, ஒப்புக்கொள்ள முடியாதது எது? பக்கத்து நண்பரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்த கேள்வியைச் சபையில் கேட்கத் தயக்கம் பாதியாகக் குறைகிறது. அப்படியும் முதல் கை உயரப் பத்து விநாடி ஆகலாம். மேடையில் நிற்பவருக்கு அது ஒரு யுகம். பொறுத்துக்கொள்ள வேண்டும். மீதி நேரம் முழுக்க மாணவர்களுடையது. பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்றியுரை எல்லாம் சேர்ந்தால் இருபது நிமிடத்தை விழுங்கிவிடும். அது உரையிலிருந்து போகாது, கேள்வி நேரத்திலிருந்துதான் போகும். பேச்சாளரை அழைக்கும் கடிதத்திலேயே இந்த நேரப் பங்கீட்டை எழுதிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் அவருக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்.

அரங்கத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. 60 பேர் வருவார்கள் என்று தெரிந்தும் கௌரவத்துக்காக 400 இருக்கை அரங்கத்தைப் பிடிப்பது. வந்தவர்கள் பின்வரிசைகளில் சிதறுவார்கள், ஒலிவாங்கி போய்ச் சேர்வதற்குள் கேள்வியின் சூடு ஆறிவிடும். 80 பேர் அமரும் வகுப்பறை எவ்வளவோ மேல். இசை நிகழ்ச்சி என்றால் குளிர்சாதனத்தை ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். சுருதி சேர்த்த பிறகு அறை குளிர்ந்தால் உலோகத் தந்தி சுருங்கிச் சுருதி ஏறிவிடும், பாதியில் நிறுத்திச் சரிசெய்ய வேண்டிவரும்.

நாளும் மாறக் கூடாது. ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே அறை. 16 வாரப் பருவத்தில் முதல் வாரம், இடைத்தேர்வு, கடைசி மூன்று வாரம் ஆகியவற்றைக் கழித்தால் பத்துப் பதினோரு வாரம் மிஞ்சும். அதில் ஆறு நிகழ்ச்சி போதும். ஆய்வக வகுப்பு முடியும் நேரத்துக்கும் நிகழ்ச்சிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். பசியோடு வருபவர் கடிகாரத்தைத்தான் பார்ப்பார்.

கூட்டம் சேர்க்க வருகைப் பதிவைக் கட்டாயமாக்குவது எனக்குச் சம்மதமில்லை. உடல் வரும், கண் கைபேசியில் இருக்கும். விரும்பி வருபவருக்கு மதிப்புக் கொடுக்க வேறு வழி இருக்கிறது. ஆறில் ஐந்துக்கு வந்து, ஏதாவது இரண்டைப் பற்றித் தலா ஒரு பக்கம் எழுதித் தந்தால் 1 கிரெடிட். அந்தப் பக்கத்தில் நிகழ்ச்சியின் சுருக்கம் வேண்டாம், தனக்கு எழுந்த ஒரு கேள்வியும் அதை அவர் எங்கே தேடிப் பார்த்தார் என்பதும் இருந்தால் போதும்.

வாசிப்பு வட்டம் நடத்துபவர்களுக்கு ஒரு சொல். 8 முதல் 12 பேர், 20 பக்கத்துக்கு மேற்படாத ஒரு பகுதி, பிரதி ஒரு வாரம் முன்பே கையில். முறைவைத்து மாணவர்களே நடத்தட்டும். ஆசிரியர் இருக்கலாம், முதல் அரை மணி பேசாமல். அவர் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டால் அது இன்னொரு வகுப்பாகிவிடும்.

இன்னொரு சின்ன ஏற்பாடும் உண்டு. நிகழ்ச்சி முடிந்த பிறகுதான் கூச்சமுள்ள மாணவர்கள் மேடைப் பக்கம் வருவார்கள். அரை மணி நேரம் விளக்கை அணைக்காமல், கதவைப் பூட்டாமல் இருக்கும்படி காவலரிடம் அன்று காலையிலேயே சொல்லிவையுங்கள்.

நன்றி, வணக்கம்.