புதுவரவு ரேக்குக்குப் பக்கத்தில் ஒரு விழிப்புணர்வு மேஜை

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு எங்கள் கல்லூரி நூலகத்துக்குள்ளிருந்தே பேசுகிறேன். நான் இங்கே வேலை பார்ப்பவள் என்பது தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். அக்டோபர் மாத விழிப்புணர்வு நாட்களுக்கான புத்தக மேஜையை இப்போதுதான் அடுக்கி முடித்தோம், அதைத்தான் காட்டப் போகிறேன்.

முதலில் புதுவரவு ரேக். பெட்டியைப் பிரித்த உடனே புத்தகம் இங்கே வந்துவிடாது. பில்லோடு சரிபார்த்து, சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, வகைப்பாட்டு எண் முடிவு செய்து, முதுகில் லேபிள் ஒட்டி, கணினிப் பட்டியலில் ஏற்றிய பிறகுதான் இந்த ரேக். கொஞ்ச நாள் முகம் தெரிகிற மாதிரி நிற்கும், அப்புறம் தன் வரிசைக்குப் போய்விடும். அங்கே போனபின் முதுகு மட்டும்தான் தெரியும். அதனால் இந்தக் கொஞ்ச நாளை வீணாக்கக் கூடாது.

இது விழிப்புணர்வு மேஜை. ரேக்கை ஒட்டியே போட்டிருக்கிறோம், பார்த்தீர்களா? பல நூலகங்களில் இது எங்கோ ஒரு மூலையில் இருக்கும். சார்ட், ரிப்பன், நாலு புத்தகம், பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை. அந்த அட்டையை எடுத்துவிடுங்கள் என்று என் சக நூலகர்களை நான் மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். மேஜையில் இருக்கிற எந்தப் புத்தகமும் அந்த நிமிடமே இஷ்யூ ஆக வேண்டும். எடுத்துக்கொண்டே போனால் மேஜை காலியாகிவிடுமே என்பார்கள். காலியாகட்டும், அடுத்ததை வைப்போம். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான்.

இப்படி ஒரு மேஜை வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆட்டிசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 2-ஐ உலக ஆட்டிச விழிப்புணர்வு தினமாக ஐ.நா. 2007-இல் அறிவித்தது, 2008 முதல் உலகம் முழுக்க அனுசரிக்கிறார்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்துப் பிரிக்கிற ட்யூயி வகைப்பாட்டில் அதன் மருத்துவப் பக்கம் 616.85-இல் இருக்கும். சிறப்புக் கல்வி 371.9. குழந்தை வளர்ப்பு 649. வாழ்க்கை வரலாறு இன்னொரு கோடியில். கல்வியியல் மாணவி 371-இல் தேடிவிட்டுப் போய்விடுவாள், மற்ற மூன்றும் இங்கேதான் இருக்கின்றன என்றே அவளுக்குத் தெரியாது. ரேக்குகள் பிரித்து வைத்ததை ஒரு மாதத்துக்கு ஒன்றாகச் சேர்த்து வைப்பதுதான் இந்த மேஜையின் வேலை.

இப்போது, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுகிற விஷயம். புத்தகத்தை மேஜையில் வைக்கும் முன் தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, பின்னால் இருக்கிற ஆண்டைப் பாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் ஆட்டிசத்தோடு தொடர்புடைய ஆஸ்பெர்கர் என்பது தனி நோயறிதலாக இருந்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது ஆட்டிச நிறமாலை என்ற ஒரே பரந்த வகைக்குள் சேர்ந்துவிட்டது. அதற்கு முந்தைய புத்தகத்தை மட்டும் படிக்கிற மாணவர் இன்றைய மருத்துவ அறிக்கையைப் பார்த்தால் குழம்பிப்போவார். விழிப்புணர்வு என்று பெயர் வைத்துவிட்டுப் பழைய தகவலைக் கொடுக்கக் கூடாது.

அதற்காகப் பழையதையெல்லாம் ஒதுக்கச் சொல்லவில்லை. எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 வாக்கில்தான் பரவலானது. அதற்கு முன் அந்த நோயோடு வாழ்ந்தவர்களின் அனுபவப் பதிவுகளுக்கு என்றைக்கும் மதிப்பு உண்டு. டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தின மேஜையில் அவை இருக்கத்தான் வேண்டும், பக்கத்திலேயே இன்றைய சிகிச்சையைச் சொல்லும் புதுப் பதிப்பும் இருக்க வேண்டும்.

சரி, அக்டோபருக்கு வருகிறேன். மார்பகப் புற்றுநோய் மாதம், இரண்டாவது வியாழக்கிழமை உலகப் பார்வை தினம், ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்க வேண்டும் என்று சொல்லும் திறந்த அணுகல் வாரம், 10-ஆம் தேதி உலக மனநல தினம் என்று எல்லாமே இந்த மாதத்தில்தான். அத்தனையையும் ஒரே மேஜையில் திணித்தால் எதுவும் கண்ணில் படாது. நாங்கள் மனநலத்தை எடுத்தோம். 1992-இலிருந்து அனுசரிக்கப்படுகிற நாள். தேர்வுக் காலம் நெருங்குகிற கல்லூரிக்கு மிகவும் தேவையான நாளும்கூட.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நண்பர்கள் நாலு பேர் சுற்றி நிற்கும்போது மனச்சோர்வு பற்றிய புத்தகத்தை யார் கையில் எடுப்பார்கள்? அதனால் ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு பிரதியை அதன் வழக்கமான ரேக்கிலேயே விட்டிருக்கிறோம். இதோ இந்தச் சின்ன அட்டையில் வகைப்பாட்டு எண்கள் இருக்கின்றன. போட்டோ எடுத்துக்கொண்டு, யாருமில்லாத நேரத்தில் போய் எடுக்கலாம். கவுண்டருக்கு வர வேண்டியதில்லை, தானாக இஷ்யூ செய்துகொள்ளும் இயந்திரம் இருக்கிறது. கவுண்டருக்கே வந்தாலும் தலைப்பைச் சத்தமாகப் படிக்கக் கூடாது என்று எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம். யார் எதை எடுத்தார் என்பதை இன்னொருவரிடம் சொல்லவும் மாட்டோம். ஆசிரியர் கேட்டாலும் இல்லை. அட்டையின் பின்பக்கத்தில் ஆலோசகர் அறை எங்கே, எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று போட்டிருக்கிறோம். புத்தகம் துணைக்கு வரும், ஆனால் ஆளோடு பேச வேண்டிய நேரத்தில் ஆளோடுதான் பேச வேண்டும்.

செப்டம்பர் 10, தற்கொலைத் தடுப்பு தினத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது இன்னும் கவனம் தேவை. முறைகளை விவரிக்காதீர்கள் என்று ஊடகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மேஜைக்கும் அதே அளவுகோலைத்தான் வைத்துக்கொள்கிறோம். மீண்டு வந்தவர்களின் எழுத்துக்கு முன்னிடம் தருகிறோம்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய வேண்டுமென்றால் புத்தகம் வாங்குகிற வேலையும் விழிப்புணர்வு நாட்காட்டியோடு சேர்ந்தே நடக்க வேண்டும். பரிந்துரை, அனுமதி, ஆர்டர், பில், பதிவேடு எல்லாம் முடிய மாதக்கணக்கில் ஆகும். மார்ச் மாதத்துக்கு மார்ச்சில் யோசித்தால் கையில் பழைய பதிப்புதான் இருக்கும்.

மார்ச்சில் நாங்கள் எடுத்திருப்பது காசநோய். காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை ராபர்ட் கோக் 1882-இல் அறிவித்த நாள் மார்ச் 24, அதுதான் உலகக் காசநோய் தினம். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் பலரும் ஒன்றரை ஆண்டுக்கு மேல்கூட மருந்து சாப்பிட வேண்டியிருந்தது. தகுதியான நோயாளிகளுக்கு ஆறு மாதச் சிகிச்சையை 2022-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எங்கள் ரேக்கில் இருக்கிற புத்தகங்களில் இது இல்லை. ஆகவே எங்கள் மாணவர்கள் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால், பரிந்துரைப் படிவம் கவுண்டரில் இருக்கிறது, நவம்பர் முடிவதற்குள் கொடுங்கள். தலைப்பு, ஆசிரியர் பெயரோடு எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.