மரியோ பார்ட்டி: ஸ்டிக்கைத் தேய்த்த விளையாட்டு

நேயர்களுக்கு வணக்கம். 1998 டிசம்பரில் ஜப்பானில் வெளியான ‘மரியோ பார்ட்டி’ என்ற வீடியோ கேமைப் பற்றி இன்று பேசப்போகிறேன். உருவாக்கியது ஹட்சன் சாஃப்ட், வெளியிட்டது நின்டெண்டோ. அவர்களுடைய விளையாட்டுக் கருவியான நின்டெண்டோ 64 பெட்டியின் முகப்பிலேயே, கையில் பிடித்து ஆடும் கன்ட்ரோலர் நான்கைச் செருகலாம். அந்த வசதியை முழுக்கப் பயன்படுத்திக்கொண்ட விளையாட்டு இது.

பரமபதம் ஆடியவர்களுக்கு இதன் அடிப்படை உடனே பிடிபட்டுவிடும். பகடை 1 முதல் 10 வரை விழும். நீலக் கட்டத்தில் நின்றால் மூன்று காசு வரும், சிவப்பில் நின்றால் மூன்று காசு போகும். 20 காசு சேர்ந்தால் ஒரு நட்சத்திரம் வாங்கலாம். நால்வரும் நகர்ந்து முடித்ததும் ஒரு மினிகேம், அதாவது ஒரு குட்டி விளையாட்டு வரும். அது எந்த வகை என்பதை நின்ற கட்டங்களின் நிறம்தான் முடிவு செய்யும். நால்வரும் ஒரே நிறமென்றால் அவரவர் தனித்தனியாக மோத வேண்டும். இரண்டுக்கு இரண்டாகப் பிரிந்தால் ஜோடி ஆட்டம். ஒருவர் மட்டும் வேறு நிறத்தில் நின்றால் அவருக்கு எதிராக மற்ற மூவர். இதைக் கவனியுங்கள்: நேற்றுவரை கன்ட்ரோலரைத் தொடாதவர்கூட நன்றாக ஆடுபவருடன் ஒரே அணியில் வந்து சேரலாம். குடும்பமாக உட்கார்ந்து ஆட இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

சரி, ஸ்டிக் விஷயத்துக்கு வருகிறேன். கன்ட்ரோலரின் நடுவில் கட்டைவிரலால் அசைக்கும் ஒரு குச்சி இருக்கிறதே, அதுதான் ஸ்டிக். கயிறு இழுக்கும் போட்டி, பெடல் மிதித்து விளக்கெரிக்கும் ஆட்டம் என்று சில மினிகேம்களில் அதை எவ்வளவு வேகமாகச் சுழற்றுகிறோமோ அவ்வளவு பலம். கட்டைவிரலால் அந்த வேகம் வராது. அதனால் பிள்ளைகள் உள்ளங்கையை ஸ்டிக்கின் தலையில் ஊன்றிச் சுழற்றினார்கள். தோல் உரிந்தது, கொப்புளம் வந்தது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் தலையிட்டது. 2000 மார்ச்சில், கேட்கும் வீட்டுக்கு நான்கு கையுறைகள் வரை தர நின்டெண்டோ ஒப்புக்கொண்டது.

கைக்கு நடந்தது ஸ்டிக்குக்கும் நடந்தது. அதன் அடிப்பகுதி ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும். ஸ்டிக் சாயும்போது பிளவுகள் உள்ள இரு சக்கரங்கள் திரும்பும். பிளவு வழியாக வரும் ஒளியை எண்ணித்தான் கருவி திசையை அறிகிறது. அந்த எண்ணும் பகுதி எளிதில் கெடாது, கிண்ணம்தான் தேயும். உள்ளங்கையை ஊன்றும்போது உடம்பின் பாரம் கீழே இறங்குகிறது. பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் உரசி வெள்ளைப் பொடி உதிர்கிறது. பிறகு ஸ்டிக் தொளதொளவென்று ஆடும். முழுக்கச் சாய்த்தாலும் திரையில் உள்ள கதாபாத்திரம் மெதுவாகத்தான் நடக்கும்.

ஆகவே பழைய கன்ட்ரோலர் வாங்கும்போது ஸ்டிக்கின் வேரைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தாலோ, விட்டதும் நேராக நிற்காமல் தொய்ந்தாலோ, உள்ளே தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பொடியைத் துடைத்தால் மட்டும் போதாது, கிண்ணத்தையும் ஸ்டிக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். தையல் மிஷின் எண்ணெய் வேண்டாம், பொடியைச் சேறாக்கிவிடும். கதாபாத்திரம் தானாகவே ஒரு பக்கம் நகர்கிறதா? அது தேய்மானமாக இருக்க வேண்டியதில்லை. கருவியை ஆன் செய்யும் நேரத்தில் ஸ்டிக் சாய்ந்திருந்தால் அந்த நிலையையே நடு என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டிக்கை விட்டுவிட்டு எல், ஆர், ஸ்டார்ட் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள், சரியாகிவிடும்.

சுழற்றும் ஆட்டம் வந்தால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலுமாகப் பக்கவாட்டில் பிடித்துச் சுழற்றுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் கீழ்நோக்கிய பாரம் இருக்காது. மறுபடியும் சொல்கிறேன், உள்ளங்கை வேண்டவே வேண்டாம். அடுத்து வந்த இரண்டாம் பாகத்தில் இந்தச் சுழற்றலையே எடுத்துவிட்டார்கள். 2021-இல் வந்த ‘மரியோ பார்ட்டி சூப்பர்ஸ்டார்ஸ்’ கயிறு இழுப்பை மறுபடி கொண்டுவந்தபோது, உள்ளங்கையால் சுழற்றாதீர்கள் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே கொண்டுவந்தது.

நேரம் முடிவதாகச் சைகை காட்டுகிறார்கள். போனஸ் நட்சத்திரங்களை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். கடைசியில் மூன்று தருவார்கள்: மினிகேம்களில் அதிகக் காசு வென்றவருக்கு ஒன்று, ஆட்டத்தின் எந்த நேரத்திலாவது மிக அதிகக் காசு கையில் வைத்திருந்தவருக்கு ஒன்று, கேள்விக்குறிக் கட்டங்களில் அதிகம் நின்றவருக்கு ஒன்று. கடைசி ஐந்து சுற்றில் நீலம், சிவப்பு இரண்டின் காசும் இரட்டிப்பாகும். அதனால் பின்தங்கியிருந்தாலும் கன்ட்ரோலரைக் கீழே வைக்காதீர்கள். நன்றி, வணக்கம்.