மர வீட்டுக்கு மரம் வாங்கும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மயிலாடுதுறை, கும்பகோணம், திருவாரூர் வட்டாரங்களில் வீடுகளைத் திட்டமிட்டுக் கட்டித் தரும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஈடுபட்டிருக்கிறேன். அண்மைக் காலமாக என்னிடம் வருகிறவர்களில் சிலர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டுகிறார்கள். முழு மரங்களைப் படுக்கை வாக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சுவர் எழுப்பிய வீட்டின் படம் அது. "இப்படி ஒன்றை நம் கொல்லையில் கட்ட முடியுமா, ஐயா?" என்று கேட்கிறார்கள். அந்த ஆசையை நான் பெரிதும் மதிக்கிறேன். கம்பியும் சிமெண்டும் தவிர வேறு எதையும் வீடென்று எண்ணாத காலத்தில் ஒருவர் மரத்தை நினைப்பதே எனக்கு மகிழ்ச்சி தருகிறது. ஆகவே, டெல்டாவில் மரத்தால் வீடு கட்ட விரும்புகிறவர்கள் எதை, எப்போது, எந்தக் கணக்கில் வாங்க வேண்டும் என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

படத்தில் உள்ள அந்த வீடு பின்லாந்து, நார்வே, ரஷ்யா, கனடா போன்ற குளிர்நாடுகளில் வளர்ந்த முறை. அங்கே பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்கள் கம்பம்போல் நேராக வளர்கின்றன. தடித்த மரச்சுவர் வீட்டின் வெப்பத்தை வெளியே விடாமல் காக்கிறது. அவ்வாறு அடுக்கிய சுவர், மரம் காயக் காயச் சுருங்கிச் சில அங்குலம் கீழே இறங்கும் என்பதால், கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே இடைவெளி விட்டே கட்டுகிறார்கள். தூண்களின் அடியில் திருகி இறக்கும் முட்டுகளையும் வைக்கிறார்கள். நம் ஊரிலோ அத்தனை நேரான, ஒரே பருமனுள்ள மரங்கள் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் ஈரத்தில் நிற்கும் படுக்கை மரச்சுவர், கறையானுக்கு நாமே விரித்து வைத்த பாய் ஆகிவிடும். நான் பரிந்துரைப்பது நம் பாட்டன்மார் செய்ததையே: சுவர் செங்கல்லாக இருக்கட்டும், தூண், குறுக்கே தாங்கும் உத்தரம், கூரைச் சரிவில் படுக்கும் கைமரம், கதவைத் தாங்கும் சட்டகமான நிலை, கதவு ஆகியவை மரமாக இருக்கட்டும், மேலே ஓடு இருக்கட்டும். திண்ணையும் முற்றமும் வைத்த நம் பழைய வீடுகள் இந்த அமைப்பில்தான் நூறு மழைக்காலங்களைக் கண்டிருக்கின்றன.

முதலில் ஒரு தவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இன்று சொல்லப்போகும் எல்லாமே அதிலிருந்து கற்றவை. என் சொந்த வீட்டைக் கட்டத் தொடங்கியபோது, வரைபடத்தை முழுவதுமாக முடித்து, அடித்தளமும் போட்டு, சுவர் கதவுகளின் தலைமட்டமான லிண்டல் மட்டத்துக்கு வந்த பிறகே மரம் வாங்கப் புறப்பட்டேன். அவசரத்தில் ஒரு மரவாடியில் அன்று அறுத்து வைத்திருந்த மரத்தை, காய்ந்தது என்று சொன்ன வார்த்தையை நம்பி, வண்டியேற்றிக் கொண்டு வந்தேன். ஆனியில் நிலைகளை நிறுத்தினோம். அடுத்த கோடையில் இரண்டு நிலைகள் முறுக்கிக்கொண்டன. கதவுப் பலகைகளின் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடுக்கு விட்டது. தச்சர் எவ்வளவு திறமையாகப் பொருத்தியிருந்தாலும் பச்சை மரத்தை யாராலும் நிறுத்தி வைக்க முடியாது.

ஆகவே, மர வீட்டில் வரைபடத்துக்கு முன்னால் மரம் வர வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். இதற்கு ஈரம் ஒரு காரணம். நீளம் இன்னொரு காரணம்.

நீளத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். இருபதடி அகலமும் முப்பதடி நீளமும் உள்ள ஒரு வீட்டுக்கு, இருபுறமும் சரியும் ஓட்டுக்கூரை போடுவதாக வைத்துக்கொள்வோம். முப்பது பாகைச் சரிவும், சுவருக்கு வெளியே இரண்டடி இறவாணமும் வைத்தால் ஒவ்வொரு கைமரமும் பதினான்கடி நீளம் வேண்டும். அகலத்தை இருபத்துநான்கடியாக்கினால் அதே கைமரம் பதினாறடியைத் தாண்டிவிடும். பதினான்கடி நேரான வேம்பையோ வாகையையோ ஓரளவு தேடிப் பிடிக்கலாம்; பதினாறடிக்கு மேல் கோணலில்லாத நாட்டு மரம் அரிது, கிடைத்தாலும் விலை வேறு. வரைபடம் முடிந்த பிறகு இதைத் தெரிந்துகொள்கிறவர் பணத்தைக் கொட்டுகிறார், அல்லது இரண்டு துண்டுகளை ஒட்டுப்போடுகிறார். முன்பே மரவாடிக்குச் சென்று, என்ன மரம், எந்த நீளத்தில் கிடைக்கிறது என்று பார்த்து வந்தவரோ கூடத்தின் அகலத்தை இரண்டடி குறைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்.

அதே வீட்டின் கணக்கைத் தொடர்வோம். நீளவாக்கில் இரு முனைகளிலும் கூரையை ஓரடி வெளியே நீட்டினால், இரண்டடிக்கு ஒன்றாக, ஒரு பக்கத்துக்குப் பதினேழு வீதம் 34 கைமரங்கள். ஒவ்வொன்றும் ஐந்து அங்குலத்துக்கு இரண்டரை அங்குலம் என்றால், மொத்தம் ஏறக்குறைய 41 கன அடி அறுத்த மரம். நடுவில் தாங்கும் குறுக்கு உத்தரமும் கூரை உச்சியில் ஓடும் முகட்டு வளையும் இதில் சேரவில்லை. கைமரங்களுக்குக் குறுக்கே ஓடு தாங்கும் மெல்லிய சட்டமான ரீப்பர் மொத்தம் சுமார் 900 அடி பிடிக்கும். மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்கு ஏறக்குறைய 140 பிடிக்கும் என்பதால் இந்தக் கூரைக்கு 1,250 ஓடுகள் தேவை. உடைசலுக்கு நூறு சேர்த்து வாங்குங்கள். ஓர் ஓடு இரண்டரைக் கிலோ என்று கொண்டால், காய்ந்த நிலையிலேயே மூன்று டன்னுக்கு மேற்பட்ட பாரம் கைமரங்களின்மீது அமர்கிறது. ஓட்டை வாங்கி, நான்கைந்தைத் தரையில் ஒன்றன்மேல் ஒன்று கவியுமாறு அடுக்கி அளந்த பிறகே ரீப்பரின் இடைவெளியைத் தச்சரிடம் சொல்ல வேண்டும்; சூளைக்குச் சூளை ஓட்டின் அளவு சற்றே மாறும்.

இனி, உருட்டு மரத்தை அளக்கும் முறை. இதை அறியாமல் மரவாடிக்குள் நுழைவது கணக்குத் தெரியாமல் சந்தைக்குப் போவது போன்றது. மரத்தின் நடுவில் கயிற்றைச் சுற்றிச் சுற்றளவை அங்குலத்தில் எடுப்பார்கள். அதை நான்கால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தின் அடியால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் பத்தடி என்றால் பன்னிரண்டு பெருக்கல் பன்னிரண்டு பெருக்கல் பத்து, வகுத்தல் 144. சரியாகப் பத்து கன அடி. அந்த மரத்தின் உண்மையான பருமன் பன்னிரண்டே முக்கால் கன அடி அளவில் இருக்கும். பட்டைக்கும் அறுக்கும்போது கழியும் பக்கப்பலகைக்கும் கொடுத்த கழிவுதான் இந்த வேறுபாடு. ஆனால் கழிவு இத்துடன் முடிவதில்லை. நேரான மரமானால், இவ்வாறு கணக்கிட்ட அளவில் மூன்றில் இரண்டு பங்கு நல்ல சட்டமாகக் கிடைக்கும். கோணலும் பொந்துமான நாட்டு மரமானால் பாதிதான் மிஞ்சும். நமக்கு வேண்டிய 41 கன அடிக்கு 62 முதல் 82 கன அடி வரை உருட்டு மரம் வாங்க வேண்டியிருக்கும். கயிறு மரத்தின் அடிப்பக்கம் சுற்றப்படுகிறதா, நடுவில் சுற்றப்படுகிறதா, பட்டைக்கு மேலா உள்ளேயா என்பதை நீங்களே அருகில் நின்று பாருங்கள்.

எந்த மரம் என்ற கேள்விக்கு வருகிறேன். தேக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய வீடுகளில் நாம் காணும் பர்மாத் தேக்கு இன்று எளிதில் கிடைப்பதில்லை. மியான்மர் 2014ஆம் ஆண்டிலேயே உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. தஞ்சை வட்டாரத்து வாய்க்கால் கரைகளில் வளர்ந்த தேக்கும் நல்லதே. ஆனால் நீர் வளத்தில் விரைந்து வளர்ந்த இளமரத்தில் வெளிப்புற வெள்ளை என்னும் மென்பகுதி அகலமாகவும் வைரம் என்னும் கெட்டிப்பகுதி குறைவாகவும் இருக்கும். தேக்கு என்ற பெயருக்காகப் பணம் கொடுத்து வெள்ளையை வாங்கிவிடக் கூடாது. அந்த வெள்ளையைக் கறையான் தேக்கென்று பார்த்து ஒதுக்குவதில்லை. வேம்பு பூச்சியைத் தாங்கும், ஆனால் முறுக்கும். ஆகவே நன்றாகக் காய்ந்ததையே நிலைக்கு எடுங்கள். பூவரசு ஈரத்தைத் தாங்கும் என்பதால்தான் வண்டிக்கும் தோணிக்கும் அதைத் தேடினார்கள். வாகையும் நம்பத்தக்கது.

பனையை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். நம் பழைய இலக்கணம் உள்ளே வைரமுள்ளதை அகக்காழ் என்றும் வெளியே வைரமுள்ளதைப் புறக்காழ் என்றும் பிரித்து, புறக்காழை மரத்தோடு சேர்க்காமல் புல்லோடு சேர்த்தது. கூரைக்குப் பனஞ்சட்டம் வாங்குகிறவருக்கு இந்தப் பாகுபாடு நேரடியாகப் பயன்படுகிறது. பனையில் வெளிப்புறத்துக் கருத்த வைரமே சட்டம். உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதி சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வந்தால் அதைச் செதுக்கித் தள்ளிவிட வேண்டும், இல்லையேல் உளுப்பூச்சி அதிலிருந்து தொடங்கும். தென்னைக்கும் இதே விதி பொருந்தும். முதிர்ந்த மரத்தின் அடிப்பகுதியில் வெளி வட்டம் மட்டுமே வீட்டுக்கு ஆகும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்திருப்பதை நினைவில் கொள்ளுங்கள். நம் மாநில மரமான பனையை ஒரு கூரைக்காகச் சாய்க்க நான் யாருக்கும் சொல்வதில்லை. இடிக்கும் பழைய வீடுகளிலிருந்து கிடைக்கும் பனஞ்சட்டங்களே போதுமானவை. சொந்தக் கொல்லையில் நிற்கும் தேக்கானாலும், வெட்டுவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு, உரிய சீட்டைப் பெற்ற பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

பழைய மரம் என்றதும் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கோ அதுவே முதல் விருப்பம். அறுபது, எழுபது ஆண்டு கூரையில் கிடந்து காய்ந்த உத்தரம் சுருங்குவதற்கு இனி ஒன்றுமில்லை. வாங்கும்போது சுவருக்குள் புதைந்திருந்த முனைகளைக் கட்டாயம் பாருங்கள். உளி முனையால் அழுத்தினால் உட்புகுகிறதா, சுத்தியால் தட்டினால் கணீரென்று ஒலிக்கிறதா, பொதபொதவென்று கேட்கிறதா என்று சோதியுங்கள். பழுதான முனையைக் கழித்த நீளத்துக்கே விலை பேசுங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஆணிகளைப் பிடுங்காமல் அறுவை மில்லுக்கு அனுப்பினால் வாள் முறியும், அறுப்பவருக்கும் ஆபத்து.

புது மரம் வாங்குகிறவர்களுக்கு மாசியும் பங்குனியும் ஏற்ற காலம். சம்பா அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் கையில் இருக்கும். வயல் காய்ந்திருப்பதால் வரப்போரத்துக் கொல்லைக்கும் லாரி வரும். மழைக்கு முன்னால் ஒரு முழுக் கோடை மிச்சமிருக்கும். அறுத்த மரத்தை வெயிலில் போடக் கூடாது. அக்கினி நட்சத்திர வெயிலில் வெளிப்பக்கம் மட்டும் விரைந்து காய்ந்து, உள்ளே ஈரம் நிற்க, மரம் வாய்விட்டு வெடிக்கும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் செங்கல் கால்கள் கட்டி, மேலே கொட்டகை போட்டு, பக்கங்களைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு வரிசைக்கும் இடையே ஓரங்குலக் குச்சிகளை இரண்டடிக்கு ஒன்றாக நேர் மேலாக வைத்து அடுக்குங்கள். மரத்தின் இரு முனைகளிலும் சாணமோ பழைய பெயிண்டோ பூசுங்கள்; ஈரம் முனை வழியாகவே விரைவாக வெளியேறுவதால் வெடிப்பும் அங்கேதான் தொடங்குகிறது.

காய்ந்ததா என்று அறிய ஈரமானி கிடைக்கிறது. அது இல்லாதவர்கள் அடுக்கின் நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாரந்தோறும் தராசில் நிறுத்து எழுதி வரலாம். தொடர்ந்து மூன்று நான்கு வாரம் எடை மாறாமல் நின்றால் மரம் நம் ஊர்க் காற்றோடு சமமாகிவிட்டது என்று கொள்ளலாம். ஈரம் இருபது விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை மரத்தை உளுக்கச் செய்வதில்லை. ரீப்பரும் கைமரமும் ஒரு கோடையில் பெரும்பாலும் காய்ந்துவிடும். ஆறங்குலத் தூணுக்கு ஒரு கோடை போதாது. அதனால்தான் தூணுக்கும் உத்தரத்துக்கும் பழைய மரத்தை நாடச் சொல்கிறேன்.

மரம் கொட்டகையில் காய்கிற மாதங்களில் அடித்தளத்தை முடிக்கலாம். நம் களிமண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் மண். ஆகவே அடித்தள ஆழத்தை மண்ணைப் பார்த்துப் பொறியாளர் முடிவு செய்யட்டும். தரை மட்டம், உங்கள் தெரு இதுவரை கண்ட வெள்ளத்துக்கு மேல் குறைந்தது ஓரடியாவது உயர்ந்திருக்கட்டும். கறையான் மருந்தைக் கடைக்காலிலேயே தெளித்துவிடுங்கள். எந்த மரத்தூணையும் மண்ணிலோ சிமெண்டுத் தரையிலோ நேராக ஊன்றாதீர்கள். பழைய திண்ணைத் தூண்களின் கீழே கருங்கல் இருப்பது அழகுக்காக வைத்ததில்லை.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊர்களுக்குச் சென்றபோது, கூரை கீழே விழுந்ததைக் காட்டிலும் மேலே தூக்கி எறியப்பட்டதையே அதிகம் கண்டேன். அன்றிலிருந்து என் பொருள் பட்டியலில் இரும்புப் பட்டைகளுக்கும் போல்ட்டுகளுக்கும் தனி வரி உண்டு. ஒவ்வொரு கைமரமும் சுவர்மேல் படுக்கும் மரத்தோடு பட்டையால் கட்டப்பட வேண்டும்; அந்த மரம் சுவர் உச்சியில் ஓடும் கான்கிரீட் கட்டோடு போல்ட்டால் பிணைக்கப்பட வேண்டும். தாழ்வாரத்தை முதன்மைக் கூரையின் நீட்சியாகப் போடாமல் தனிக் கூரையாகப் போடுங்கள். காற்று அதைப் பெயர்த்தாலும் வீட்டின் கூரை தப்பும். கடலோரத்தார் துத்தநாகம் பூசிய ஆணிகளையே வாங்குங்கள். உப்புக் காற்றில் சாதாரண ஆணி மரத்துக்கு முன்பே அழிந்துவிடும்.

மாசியில் வாங்கி அடுக்கிய மரத்தை ஆவணியில் கூரையேற்றி, புரட்டாசி முடிவதற்குள் ஓடு வேய்ந்துவிட்டால், ஐப்பசி மழை உங்கள் தச்சரின் வேலையைச் சோதித்துக் காட்டும். முதல் அடைமழையன்று ஒரு விளக்கோடு பரணில் ஏறி, எந்தக் கைமரம் நனைகிறது என்று பார்த்துச் சுண்ணாம்பால் குறியிட்டு வையுங்கள். மாற்ற வேண்டிய ஓடுகளுக்காக முன்பே வாங்கிய அந்த நூறும், அறுத்து மிஞ்சிய நான்கைந்து சட்டங்களும் அப்போது கொட்டகையிலேயே இருக்க வேண்டும். அவற்றை யாருக்கும் விற்றுவிடாதீர்கள்.

நன்றி, வணக்கம்.