தின்றால்தான் சாகும் புழு

பி.டி. மருந்தடித்த மறுநாள் தேக்கங்கன்றைப் போய்ப் பார்த்துவிட்டு, "புழு உயிரோடதான் நெளியுது, காசு போச்சு" என்று வருத்தப்படுகிறவர்களுக்காகத்தான் இன்றைக்குப் பேசுகிறேன், ஐயா.

பி.டி. என்பது புழுவின் மேலே பட்டதும் கொல்கிற மருந்து இல்லை. பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி., என்ற பாக்டீரியா வித்தாக மாறும்போது ஒரு புரதப் படிகத்தையும் உண்டாக்குகிறது. இலையோடு சேர்த்து அதைப் புழு தின்ன வேண்டும். புழுவின் குடலில் காரத்தன்மை அதிகம், அங்கே படிகம் கரைந்து, செரிமான நொதிகளால் வெட்டுப்பட்டு நஞ்சாக மாறி, குடல் சுவரில் ஒட்டி ஓட்டை போடுகிறது. சில மணி நேரத்தில் தீனி நின்றுவிடும், சாக இரண்டு மூன்று நாள், சிலதுக்கு ஐந்து நாள்கூட ஆகும். அதனால் புழு நெளிகிறதா என்று பார்க்காதீர்கள், இலையில் புதுக்கடி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நம் வயிற்றில் இருப்பது அமிலம், அந்த நஞ்சு ஒட்டிக்கொள்ளும் இடமும் நம் குடலில் இல்லை, அதனால் நம்மை அது அப்படித் தாக்காது.

வாய்க்கால் கரையிலும் படுகையிலும் தேக்கு வைத்திருக்கிற நமக்கு எதிரி இலைதின்னிப் புழு. மழை விழுந்து கொழுந்து விட்டதும் அதன் தாய் அந்துப்பூச்சி முட்டையிட்டுவிடும், புழுப்பருவம் மொத்தமே இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். மரம் சாகாதுதான், ஆனால் பருக்க வேண்டிய வருஷத்தில் இலை விடுவதிலேயே அதன் சக்தி போய்விடும். கேரளத்து நிலம்பூரில் இளந்தேக்குத் தோட்டத்தில் அளந்து பார்த்தபோது, வளர வேண்டிய மரக்கன அளவில் 44 சதவீதம் இந்தப் புழுவால் போயிருந்தது. சும்மா விடக்கூடிய விஷயமா இது?

புழு சின்னதாக இருக்கும்போதே அடிக்க வேண்டும், முற்றிய புழுவுக்குச் சரியாகக் கேட்காது. வெயிலில் சீக்கிரம் வீரியம் போய்விடும், ஆகவே சாயங்காலம் அடியுங்கள். மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். கடைமடையில் சில போர்த் தண்ணீர் காரமாக இருக்கும், அதில் கலந்து வைத்தால் படிகம் டேங்கிலேயே கெடும். இலையின் அடிப்பக்கமும் நனையட்டும்.

கனடாவில் ஸ்புரூஸ் என்கிற ஊசியிலை மரக் காடுகளுக்கு விமானத்தில் இதைத் தெளிக்கிறார்கள். நம்மிடம் இருப்பது கைத்தெளிப்பான், எட்டுகிற கன்றுகளுக்கு மட்டும்தான். உயர்ந்த மரத்துக்கு அடிக்கிறேன் என்று பணத்தைக் கொட்டாதீர்கள்.

அப்புறம், பக்கத்தில் யாராவது பட்டுப்புழுவுக்காக மல்பெரி போட்டிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். பட்டுப்புழுவையும் இது கொல்லும், 1901-இல் ஜப்பானில் இஷிவாதா என்ற ஆய்வாளர் இந்தப் பாக்டீரியாவை முதலில் பிரித்தெடுத்ததே நோய் வந்து செத்த பட்டுப்புழுவிலிருந்துதான்.