போலீசுக்கு வைத்த கதவு: அமெரிக்க போன்களுக்குள் ஹேக்கர்கள் புகுந்த கதை

[திரையில்: டிசம்பர் 2024, வாஷிங்டன்]

வணக்கம். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் அமெரிக்க அரசு அதிகாரிகள் தங்கள் மக்களுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். சாதாரண எஸ்.எம்.எஸ்., சாதாரண போன் கால் இரண்டையும் குறைத்துக்கொள்ளுங்கள், என்கிரிப்ஷன் உள்ள, அதாவது பேசுகிறவர்களைத் தவிர வேறு யாருக்கும் புரியாதபடி பேச்சைப் பூட்டி அனுப்பும் ஆப்களில் பேசுங்கள் என்றார்கள். அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவின் அதிகாரி ஜெஃப் கிரீன், என்கிரிப்ஷன் உங்கள் நண்பன் என்றே சொன்னார். அவரோடு அந்த நிருபர்கள் கூட்டத்தில் இருந்தது யார் தெரியுமா? எஃப்.பி.ஐ.

இதே எஃப்.பி.ஐ.தான் பல வருடங்களாக என்கிரிப்ஷனைக் குறை சொல்லிவந்தது. குற்றவாளிகள் பேசுவது எங்கள் காதில் விழவில்லை, எல்லாம் இருட்டாகிக்கொண்டே போகிறது என்று 2014-இல் அதன் இயக்குநர் ஜேம்ஸ் கோமி புலம்பினார். தெருவில் யாரும் பூட்டுப் போடக் கூடாது என்று சண்டை போட்டவரே வந்து கதவைத் தட்டி, "ராத்திரி நன்றாகப் பூட்டிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

நடந்தது இதுதான். சீன அரசோடு தொடர்புள்ளதாக அமெரிக்கா சொல்லும் ஒரு ஹேக்கர் குழு, 'சால்ட் டைஃபூன்' என்பது அதற்கு வைத்த பெயர், அமெரிக்காவின் தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்துவிட்டது. ஏடி அண்ட் டி, வெரைசன், லூமன் என்று பெரிய பெயர்கள். அந்த டிசம்பர் முடிவதற்குள் வெள்ளை மாளிகை கணக்கில் ஒன்பது நிறுவனங்கள் ஆகிவிட்டன. சீனா வழக்கம்போல மறுத்தது. செனட்டர் மார்க் வார்னர், தங்கள் நாட்டு வரலாற்றிலேயே மிக மோசமான தொலைத்தொடர்பு ஹேக் இது என்றார். அவர் ஒரு காலத்தில் செல்போன் தொழிலில் சம்பாதித்தவர், விஷயம் தெரிந்தவர். மிகைப்படுத்துகிறார் என்று சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

தேர்தல் நேரம் வேறு. டிரம்ப், ஜே.டி. வான்ஸ் ஆகியோரின் போன்களும், கமலா ஹாரிஸ் பிரச்சாரக் குழுவைச் சேர்ந்தவர்களின் போன்களும் குறிவைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, நவம்பர் 13 அன்று எஃப்.பி.ஐ.யும் சிசாவும் வெளியிட்ட கூட்டறிக்கையில் இருந்த ஒரு வரி. நீதிமன்ற உத்தரவின்படி போலீஸ் கேட்டிருந்த விவரங்கள் சிலவற்றையும் ஹேக்கர்கள் நகல் எடுத்துவிட்டார்கள் என்றது அது.

அதாவது, போலீஸ் யாரையெல்லாம் ஒட்டுக்கேட்கிறது என்ற விவரம் இருக்கும் இடம் வரைக்கும் போய்விட்டார்கள்.

[திரையில்: ஒரு பட்டியல். பெயர்கள் மங்கலாக.]

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நீங்கள் ஒரு நாட்டின் உளவுத்துறையை நடத்துகிறீர்கள். அமெரிக்காவுக்குள் உங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் யார் மீது எஃப்.பி.ஐ.க்குச் சந்தேகம் வந்திருக்கிறது, யார் இன்னும் கண்ணில் படாமல் இருக்கிறார்கள்? இது தெரிந்தால் போதும். மாட்டப்போகிறவரை ஊருக்குத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அவர் போனில் வேண்டுமென்றே பொய்யைப் பேசவைத்து, கேட்பவர்களைச் சுற்றவிடலாம். ஒரு மந்திரியின் போனை ஒட்டுக்கேட்டால் ஒரு மந்திரியின் ரகசியம் கிடைக்கும். ஒட்டுக்கேட்கப்படுகிறவர்களின் பட்டியல் கிடைத்தால் எதிராளியின் கையில் இருக்கும் சீட்டெல்லாம் தெரிந்துவிடும்.

இது முதல் தடவையும் இல்லை. தங்கள் கணினிகளுக்குள் சீனாவிலிருந்து ஹேக்கர்கள் புகுந்ததாக 2010 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. அவர்கள் தொட்ட இடங்களில், நீதிமன்ற உத்தரவின் பேரில் கண்காணிக்கப்பட்ட கணக்குகளின் விவரம் இருந்த தரவுத்தளமும் ஒன்று என்று மூன்று வருடம் கழித்துத்தான் செய்தி வெளியானது.

சரி, இப்படி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் குவித்துவைக்கச் சொன்னது யார்? சட்டம்தான்.

[திரையில்: 1994]

பழைய செம்புக்கம்பிக் காலத்தில் போனை ஒட்டுக்கேட்பது கைவேலை. வீட்டுக்குப் போகும் கம்பியில் இரண்டு கிளிப்பை மாட்டி, ஹெட்போனை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். 1990-களில் எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டல் ஆயின, செல்போன் வந்தது, ஒரு நம்பருக்கு வரும் காலை இன்னொரு நம்பருக்குத் திருப்பிவிடும் வசதி வந்தது. கிளிப்பை எங்கே மாட்டுவது? எஃப்.பி.ஐ. நாடாளுமன்றத்தை நெருக்கியது. 1994 அக்டோபரில் கிளின்டன் கையெழுத்திட்ட சட்டத்தின் சுருக்கப் பெயர் 'கலீயா'. தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பைக் கட்டும்போதே ஒட்டுக்கேட்பதற்கான வசதியையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றது அது. பழைய கருவிகளை மாற்ற 50 கோடி டாலர் வரை அரசே கொடுக்கலாம் என்றும் எழுதிவைத்தார்கள். பத்து வருடம் கழித்து பிராட்பேண்ட் இணையமும் இதற்குள் வந்தது. வாட்ஸ்அப், சிக்னல் போன்ற ஆப்கள் இன்றுவரை இதற்கு வெளியேதான் நிற்கின்றன. ஆப்களில் பேசுங்கள் என்று டிசம்பரில் அதிகாரிகள் சொன்னார்களே, அந்த அறிவுரைக்குக் காரணம் இந்த விதிவிலக்குதான்.

போலீசுக்கு வைத்த அந்தக் கதவுக்குப் பூட்டே வைக்கவில்லை என்று சொல்ல முடியாது. சட்டத்தின் 105-வது பிரிவு ஒரு பூட்டு. நீதிமன்ற உத்தரவு அல்லது சட்டப்படியான வேறு அனுமதி இருக்க வேண்டும், அதோடு நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே கை வைத்து இயக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டுக்கேட்பு தொடங்கலாம் என்கிறது. இந்தப் பிரிவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வரும்.

கணினிப் பாதுகாப்பு வல்லுநர்கள் அப்போதே எச்சரித்தார்கள். கதவுக்கு ஆள் அடையாளம் தெரியாது, சாவி யாரிடம் இருந்தாலும் திறக்கும் என்பது அவர்கள் வாதம். பயம் காட்டுகிறார்கள் என்று நினைத்தவர்களுக்குப் பதில் கிரீஸ் நாட்டிலிருந்து வந்தது.

[திரையில்: ஏதென்ஸ், 2004]

ஒலிம்பிக் நடந்த வருடம். வோடஃபோன் கிரீஸ் நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்சுகளில் எரிக்சன் கருவிகள் இருந்தன. போலீசுக்கான ஒட்டுக்கேட்பு மென்பொருள் அவற்றுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. யாரோ உள்ளே புகுந்து அதைத் தட்டி எழுப்பிவிட்டார்கள். பிரதமர் கோஸ்டாஸ் கரமான்லிஸ் தொடங்கி, 100-க்கும் மேற்பட்ட செல்போன்களில் பேசியதெல்லாம் வேறு போன்களுக்கும் சத்தமில்லாமல் போனது. 2005 ஜனவரியில், திருட்டு மென்பொருளை அப்டேட் செய்தபோது ஏதோ பிசகி, சில எஸ்.எம்.எஸ்.கள் போய்ச் சேராமல் நின்றன. என்ன கோளாறு என்று தோண்டப்போய்த்தான் விஷயம் வெளியே வந்தது. பத்து வருடம் கழித்து, அமெரிக்கத் தூதரகத்தில் வேலை பார்த்த ஒருவர் மீது கிரேக்க நீதித்துறை கைது ஆணை பிறப்பித்தது. ஆக, இந்தக் கதவு வழியாகச் சீனா மட்டும்தான் நுழையும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இங்கே போலீஸ் பக்கமும் கொஞ்சம் நிற்க வேண்டும். 2015 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் 14 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கொலையாளியின் ஐபோனைத் திறக்க எஃப்.பி.ஐ. கேட்ட உதவியை ஆப்பிள் மறுத்தது. அந்தக் குடும்பங்களிடம் போய் என்கிரிப்ஷனின் அருமையை விளக்க எனக்கு வாய் வராது. நீதிமன்ற உத்தரவு கையில் இருந்தும் ஒரு விசாரணை அதிகாரி திறக்காத போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பது நிஜமான கஷ்டம். ஆனால் அந்த வழக்கு முடிந்த விதம் வேறு கதை சொல்கிறது. 2016 மார்ச்சில், வெளியாள் ஒருவரின் உதவியோடு போனைத் திறந்துவிட்டோம் என்று சொல்லி எஃப்.பி.ஐ.யே வழக்கை வாபஸ் வாங்கியது. எல்லா ஐபோனுக்கும் பொதுவான சாவி செய்யாமலே அந்த ஒரு போன் திறந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. சால்ட் டைஃபூன் உள்ளே வந்தது ஒட்டுக்கேட்பு வசதி வழியாக அல்ல. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காத ரவுட்டர்கள், திருடிய பாஸ்வேர்டுகள் என்று சலித்துப்போன வழிகள்தான். ஒரு நிறுவனத்தில் ஒரே நிர்வாகக் கணக்கை வைத்து 1 லட்சத்துக்கும் மேற்பட்ட ரவுட்டர்களுக்குள் போக முடிந்தது என்று வெள்ளை மாளிகை அதிகாரி ஆன் நியூபெர்கர் சொன்னார். கேட்டதும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. திருடன் வந்தது ஜன்னல் வழி. சட்டம் செய்தது, வீட்டு நகையை எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு வைத்தது.

அப்புறம் என்ன செய்தார்கள்?

[திரையில்: ஜனவரி 2025]

பெரிய ஹேக்குகளை ஆராய்வதற்கென்றே ஒரு வாரியம் இருந்தது. அது சால்ட் டைஃபூனை விசாரித்துக்கொண்டிருந்தபோது, டிரம்பின் புதிய அரசு வந்த கையோடு உறுப்பினர்கள் அனைவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. இதற்கிடையே, ஆப்பிளின் கிளவுடில் இருக்கும் என்கிரிப்ட் செய்த தரவுகளைத் திறந்து காட்டச் சொல்லி பிரிட்டன் ரகசிய உத்தரவு போட்டது தெரியவந்ததும், வாஷிங்டனில் இரண்டு கட்சியிலும் கோபம். ஆகஸ்டில் உளவுத்துறைத் தலைவர் துளசி கப்பார்ட், பிரிட்டன் அதைக் கைவிடச் சம்மதித்துவிட்டது என்று அறிவித்தார். பிரிட்டனிடம் கூடாது என்று சொன்ன அமெரிக்காவில், 1994-இன் சட்டம் அப்படியே இருக்கிறது.

இப்போது 105-வது பிரிவுக்கு வருவோம். பைடன் ஆட்சியின் கடைசி நாட்களில், தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. அந்தப் பிரிவுக்குப் புது விளக்கம் கொடுத்தது. அனுமதி இல்லாமல் யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்றால், வலையமைப்பு முழுவதையும் ஹேக்கர்களிடமிருந்து காப்பதும் நிறுவனத்தின் சட்டக் கடமைதான் என்றது. நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை. 2025 நவம்பரில் பிரெண்டன் கார் தலைமையிலான அதே ஆணையம், 2-க்கு 1 என்ற வாக்கில் அந்த விளக்கத்தை ரத்து செய்தது. சட்டத்தை இவ்வளவு தூரம் இழுக்க முடியாது, நிறுவனங்கள் தாங்களாகவே பாதுகாப்பைப் பலப்படுத்த ஒப்புக்கொண்டிருக்கின்றன என்பது கார் தரப்பு. ஒப்புக்கொள்வது வேறு, கட்டாயம் வேறு என்று சொன்னார் எதிர்த்து வாக்களித்த ஆணைய உறுப்பினர் ஆனா கோமஸ்.

எனக்குக் கோமஸ் சொல்வதுதான் சரியென்று படுகிறது. ஒட்டுக்கேட்பு வசதியை வைக்கும்போது நிறுவனங்களின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை, அது கட்டாயம். அதைச் சுற்றி இருக்கும் மதிலைக் கட்டுவது மட்டும் இப்போது அவரவர் இஷ்டம்.