அடித்து எழுதிய தாளும் அரங்கில் பார்த்த படமும்

(காரைக்குடிக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நகர்மன்றப் பெருமக்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, வெயில் தாழும் முன்பே வந்து முன்வரிசையில் அமர்ந்துவிட்ட ஆச்சிமார்களே, பட்டாலைத் தூணோரம் நிற்கும் மாணவத் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். வளவு வீடுகளை விலை பேசி ஓட்டலாக்கும் காலம் இது. அவரோ பாட்டனார் கட்டிய இந்த வீட்டின் கதவைத் திறந்துவிட்டு, "உள்ளே வந்து பேசுங்கள்" என்கிறார். அந்த மனசுக்கு நான் தலைவணங்குகிறேன். முதல்வர் அம்மா தேர்வு நேரத்திலும் மாணவர்களைப் பேருந்து வைத்து அழைத்து வந்திருக்கிறார். வரவேற்புரை சொன்ன தமிழாசிரியர் என்னைப் பற்றி நிறைய நல்ல வார்த்தைகள் சொன்னார். அவரிடம் படித்த பிள்ளைகள் இன்று பத்திரிகைகளிலும் சினிமாவிலும் எழுதுகிறார்கள் என்பதை அவர் தன் வாயால் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். அழைப்பிதழைக் காசு வாங்காமல் அச்சடித்துத் தந்த அச்சக உரிமையாளர் அண்ணனுக்கும் என் வணக்கம்.

நான் எந்த மேடையில் ஏறினாலும் ஒரு பழமொழியைச் சொல்லாமல் இறங்குவதில்லை. நிழலின் அருமை வெயிலில் தெரியும். இன்றைய பேச்சும் அதில்தான் தொடங்குகிறது. அடித்து எழுதிய தாளின் அருமையும் அது போன பிறகுதான் தெரிகிறது.

எடுத்துக்கொண்டது 'ஸ்டார் வார்ஸ்' என்ற விண்வெளிச் சாகசப் படம். அதன் முதல் திரைக்கதைக்கும், அரங்குக்கு வந்த படத்துக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கப் போகிறோம். மூன்று பகுதியாகச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். முதலில் பாத்திரங்கள், அடுத்து கதைப்போக்கு, கடைசியில் வசனம்.

1973-ல் அதன் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்தார். முதலில் வந்தது ஒரு சிறு குறிப்பு. அது படித்தவர்களுக்குப் பிடிபடவில்லை. அதே ஆண்டு மே மாதம் ஒரு கதைச்சுருக்கம் எழுதினார். ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்' படத்தின் சாயல் அதில் பளிச்சென்று தெரியும். யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பட நிறுவனம் வேண்டாம் என்றது. யுனிவர்சலும் வேண்டாம் என்றது. ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ்தான் எடுத்துக்கொண்டது. முழுத் திரைக்கதையின் முதல் வடிவம் 1974 மே மாதம் தயாரானது. 1975 ஜனவரியில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, 1976 தொடக்கத்தில் மறுபடி ஒன்று என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1976 மார்ச் 22-ல் துனிசியாவில் படப்பிடிப்பு. 1977 மே 25-ல் படம் வெளியானது. உலகமே வரிசையில் நின்றது.

அந்த 1974 தாள்களைப் படித்தால் தலை சுற்றும். படத்தின் இளம் நாயகன் லூக் ஸ்கைவாக்கரின் பெயர் இருக்கிறது, ஆனால் இதில் அவர் வயதான தளபதி. இளைஞனின் பெயர் அனிகின் ஸ்டார்கில்லர். படத்தில் மனிதனாக வரும் விண்கல ஓட்டி ஹான் சோலோ, இதில் பச்சைத் தோலும் செவுளும் கொண்ட, மூக்கே இல்லாத பெரிய வேற்றுக்கிரகவாசி. படத்தில் 'பீப் பீப்' என்று மட்டும் ஒலிக்கும் ரோபோ ஆர்டூ-டிடூ, இதில் வாய் ஓயாமல் பேசுகிறது, சண்டை போடுகிறது. படத்தின் பெரிய வில்லன் டார்த் வேடர் பெயரிலும் ஒருவர் உண்டு. முகமூடி கிடையாது, மூச்சிரைப்புச் சத்தம் கிடையாது, கதையில் சின்ன இடம்தான். 'சக்தி உன்னோடு இருக்கட்டும்' என்று நாம் எல்லாரும் சொல்லிப் பழகிய வாசகம்கூட அங்கே 'பிறரின் சக்தி உன்னோடு இருக்கட்டும்' என்று இன்னும் ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

அதிலே என் மனத்தை விட்டு நீங்காத பாத்திரம் ஒன்று இருக்கிறது. அனிகினின் அப்பா, கேன் ஸ்டார்கில்லர். போரில் அடிபட்டு அடிபட்டு, தலையும் வலக்கையும் தவிர உடம்பு முழுக்க இயந்திரமாகிப்போனவர். கடைசியில் தன் நெஞ்சுக்குள் இருக்கும் மின்கலத்தைப் பிடுங்கி, பிறரைக் காப்பாற்றக் கொடுத்துவிட்டுச் செத்துப்போகிறார். அந்த ஆளைப் படத்தில் தேடிப் பாருங்கள், கிடைக்கமாட்டார். ஆனால் பாதி இயந்திரமான தகப்பன் என்ற எண்ணம் எங்கே போனது? அடுத்தடுத்த படங்களில் டார்த் வேடரிடம் போய்ச் சேர்ந்தது. காட்டுக்குள் இருக்கும் ரோமக்கார மக்கள் பேரரசை எதிர்த்துப் போராடும் பகுதியும் 1974-லேயே எழுதப்பட்டது. 1977 படத்தில் இல்லை. 1983-ல் வந்த படத்தில் உருவம் சிறுத்து, வேறு பெயரில் வந்து நின்றது. ஒரு எழுத்தாளன் அடித்துப்போட்ட வரி ஒன்பது வருஷம் கழித்து உயிரோடு எழுந்து வருகிறது என்றால், அந்தத் தாளை அவன் தூக்கி எறியவில்லை என்று அர்த்தம்.

இந்த இடத்தில் ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர் ஒன்றில், சந்தைக்கு எதிரே இருந்த பலகாரக் கடையில் சீடை வாங்கினேன். பொட்டலத்தைப் பிரித்தால் தாள் முழுக்கக் கையெழுத்து. ஊதா மை. எண்ணெய் ஊறி நடுவில் பாதி தெரியவில்லை. ஓரத்தில் 'மகன்' என்று போட்டுப் பக்கத்தில் வசனம். "தந்தையே, என்னை மன்னியுங்கள், கடமை அழைக்கிறது" என்று எழுதி, அதை ஒரே கோடாக அடித்திருக்கிறது. அதற்கு மேலே சின்ன எழுத்தில், "அப்பா, நான் போறேன்." எனக்குக் கை நடுங்கிவிட்டது. யாரோ ஒரு மனிதர் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து, இந்த மகன் எப்படிப் பேசுவான் என்று யோசித்து, ஐந்து சொல்லைத் தள்ளிவிட்டு மூன்று சொல்லைக் கண்டுபிடித்திருக்கிறார்.

கடைக்காரரிடம் ஓடினேன். "அண்ணே, இந்தத் தாள் ஏது?" என்றேன். "ஏன் தம்பி, சீடை நல்லா இல்லையா?" என்று கேட்டார். பழைய பேப்பர் கடையைக் கை காட்டினார். பேப்பர் கடைக்காரர் ஒரு வீட்டைக் காட்டினார். போனேன். முகப்பில் ஆச்சி ஒருவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். "வாங்க தம்பி, உட்காருங்க, மோர் சாப்பிடுறீகளா" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "அட, அதுவா? எங்க வீட்டு அய்த்தான் நாடகம், சினிமான்னு ஏதோ எழுதிக்கிட்டே இருப்பாக. ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தாளு. கரையான் வந்துருமேன்னு நான்தான் போடச் சொன்னேன்" என்றார். எனக்கு வாயடைத்துப்போயிற்று.

கிளம்பும்போது சும்மா கேட்டேன். "ஆச்சி, பழசு வேற எதுவுமே வைக்கலையா?" "ஏன் வைக்காம?" என்று எழுந்துபோய் இரண்டாம் கட்டு அறையைத் திறந்தார். அலமாரி முழுக்க நோட்டு. அவர் கல்யாணத்து மொய் நோட்டு, மாமியார் கல்யாணத்துச் சாமான் பட்டியல், பிள்ளைகளின் இசைகுடிமானம் என்கிற கல்யாண எழுத்து, யார் வீட்டுக்கு என்ன முறை செய்தது என்ற கணக்கு. ஒரு தாள் கசங்கவில்லை. வசம்பும் வேப்பிலையும் போட்டு வைத்திருந்தார். "இது போச்சுன்னா நாளைக்கு யாருக்கு என்ன செய்யணும்னு எப்படித் தெரியும்?" என்று என்னையே கேட்டார்.

இந்த ஊருக்குக் காகிதத்தைக் காக்கத் தெரியும் ஐயா! தலைமுறை தலைமுறையாகத் தெரியும். எந்தக் காகிதத்தைக் காக்க வேண்டும் என்று அந்த ஆச்சியிடம் ஒருவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். நிழலின் அருமை வெயிலில் தெரியும். அந்தத் தாளோடு தாளாக அய்த்தானின் முப்பது வருஷ உழைப்பும் பொட்டலமாகப் போய்விட்டது.

சரி, படத்துக்கு வருவோம். கதைப்போக்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். படப்பிடிப்புக்கு எடுத்துப்போன நான்காவது வடிவத்தில்கூட பென் கெனோபி என்ற முதியவர் சாகவில்லை. வேடரோடு வாள் சண்டை போட்டுவிட்டுத் தப்பித்து வந்துவிடுகிறார். வந்த பிறகு கதையில் அவருக்கு வேலை இல்லை. துனிசியாவில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் இறந்துவிடட்டும் என்று முடிவானது. இன்று அந்தச் சாவு இல்லாமல் அந்தப் படத்தை நினைத்துப் பார்க்க முடியுமா? வேடரின் முகமூடியும் அப்படித்தான். ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு வெட்டவெளியைத் தாண்டி வருபவன் எப்படி மூச்சு விடுவான் என்று ஓவியர் ரால்ஃப் மெக்வாரி யோசித்து வரைந்து காட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் அந்த முகம். நாயகனின் குடும்பப் பெயரே படப்பிடிப்பு நடக்கும்போதுதான் ஸ்டார்கில்லரிலிருந்து ஸ்கைவாக்கர் ஆனது.

இதையெல்லாம் நாம் தெரிந்துகொள்ள முடிகிறதே, ஏன்? அந்தத் தாள்கள் பத்திரமாக இருக்கின்றன. 1974 வடிவத்தை வைத்து 2013-ல் ஒரு படக்கதைத் தொடரே வெளியிட்டார்கள். முடிந்த படத்தை மட்டும் பார்க்கும் மாணவன், இது ஒரு மேதையின் மூளையிலிருந்து முழுசாகக் குதித்தது என்று நினைத்துப் பயந்துபோவான். முதல் தாளைக் காட்டுங்கள். 'இவ்வளவு குழப்பமாகத் தொடங்கியவர்தானா இவர், அப்படியானால் நானும் எழுதலாம்' என்று பேனாவை எடுப்பான். தூணோரம் நிற்கும் தம்பிகளுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நம்மிடம் என்ன இருக்கிறது? ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்புத் தளம் போட்ட மண் இது. 1947-ல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம். மேடை நாடகம் ஒன்று திரைக்கதையாகி, பாரதி பாட்டுகளோடு வெளிவந்தது. கண்ணதாசனும் பஞ்சு அருணாசலமும் பிறந்த சிறுகூடல்பட்டி இங்கிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். கம்பனில் ஒரு சொல்லுக்கு எத்தனை பாடம், எது சரி என்று விடிய விடியப் பேசிய ஊர் இது. கம்பனுக்குப் பார்க்கிற பாடபேதத்தை ஒரு திரைக்கதைக்கும் பார்க்கக் கூடாதா? 1963-லேயே 'கலை அரசி' படத்தில் வேற்றுக்கிரகத்தார் பூமிக்கு வந்து, பாட்டு கற்றுக்கொடுக்கச் சொல்லி ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறிவியல் கற்பனையை இசையோடு முடிச்சுப் போட்ட அந்த யோசனை முதல் தாளில் எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

கோட்டையூர் ரோஜா முத்தையாவை நினைக்காமல் இந்தப் பேச்சு நகராது. புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீசு, சினிமா பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் கழித்துப்போட்டதை எல்லாம் ஒரு தனி மனிதராகச் சேர்த்தார். ஏறக்குறைய ஒரு லட்சம் சேர்ந்தது. 1992-ல் அவர் மறைந்தார். பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அது பிழைத்தது தமிழர் செய்த புண்ணியம். ஆனால் அது பிறந்த மண்ணில் அப்படி ஓர் அறைகூட இல்லாமல் இருக்கலாமா? இங்கே மறுபடியும் அதே பழமொழிதான். நிழலின் அருமை வெயிலில் தெரியும்.

தலைவர் ஐயா அவர்களிடமும் நகர்மன்றத்தாரிடமும் நான் கேட்பது ஓர் அறை. நூலகக் கட்டடத்தில் கரையான் ஏறாத ஓர் அறை, இரண்டு இரும்பு அலமாரி, படி எடுக்க ஒரு ஸ்கேனர். நாடகம், திரைக்கதை, வசனம், பாட்டு எதுவானாலும் கையெழுத்துப் பிரதி அங்கே வரட்டும். தாளைத் தர மனமில்லாத வீட்டார் தர வேண்டாம், படி எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடலாம். முதல்வர் அம்மா தன் மாணவர்களை முறை வைத்து அனுப்புவதாகச் சற்று முன் என்னிடம் சொன்னார். அவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் வேறு இல்லை. அச்சக அண்ணன் அட்டை போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வசனத்தைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அடுத்துப் பேச வேண்டியவர்கள் காத்திருக்கிறார்கள், தலைவர் ஐயாவும் கடிகாரத்தைப் பார்க்கிறார். அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம்.

ஆச்சிமார்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு வீட்டை ஒழிக்கும்போது, கையால் எழுதி அடித்துத் திருத்திய தாள் எது கண்ணில் பட்டாலும் எடைக்குப் போடும் முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வாசலில் மேசை போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், போகும்போது வீட்டு விலாசத்தை எழுதிவிட்டுப் போங்கள். நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். நன்றி, வணக்கம்.