படுக்கையருகே ஓர் எக்கோ

நேயர்களுக்கு வணக்கம். நள்ளிரவில் ஒருவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுவருகிறார்கள். மூச்சு வாங்குகிறது, படுக்க முடியவில்லை. ஸ்டெத்தஸ்கோப்பை வைத்தால் விசில் மாதிரி இரைச்சல். ஆஸ்துமா என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தாலும் அதே விசில்தான். காது சொல்வது போதாத அந்த இடத்தில்தான் படுக்கையருகே எக்கோ, அதாவது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை, கைகொடுக்கிறது.

எக்கோ அறையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து நிதானமாக அளந்து எடுக்கிறார்களே, அது வேறு. இந்த நோயாளியைப் படுக்கவைத்தால் திணறல் கூடும். முதுகைச் சாய்த்து உட்காரவைத்தபடியே, ஆக்சிஜன் ஒருபுறம் ஓட, சில நிமிடங்களில் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். இடது கீழறை நன்றாகச் சுருங்குகிறதா? இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா? வலது பக்கம் வீங்கியிருக்கிறதா?

1953இல் சுவீடனின் லுண்ட் நகரில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் முதன்முதலாக இதயத்தை ஒலியால் பார்த்தபோது கையிலிருந்தது உலோகத்தில் விரிசல் தேடும் கருவி. அன்றும் இன்றும் இந்த ஒலிக்கு எதிரி காற்று. அதனால்தான் ஜெல்லைத் தாராளமாகப் பூசுகிறோம். நாள்பட்ட புகைநோயாளியின் நுரையீரல் ஊதிப்போய் இதயத்தின் முன்னால் திரைபோல நிற்கும். நெஞ்செலும்புக்கு இடப்பக்கம் எவ்வளவு தேடினாலும் ஒன்றும் தெரியாது. அங்கேயே மல்லுக்கட்ட வேண்டாம். நெஞ்செலும்பின் கீழ்நுனிக்கு அடியில், புரோபை (ஒலியை அனுப்பி வாங்கும் கைக்கருவி) கிட்டத்தட்டப் படுக்கவைத்து, இடது தோளை நோக்கித் திருப்பினால் இதயம் கிடைத்துவிடும்.

முதல் கேள்விக்குப் பழகிய கண்ணே பெரும்பாலும் போதும். இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வின் முன்னிதழ் திறக்கும்போது இதயத் தடுப்புச்சுவரைத் தொடுவதுபோல வரவேண்டும். இடைவெளி 7 மில்லிமீட்டரைத் தாண்டினால் சுருக்கம் குறைந்திருக்கலாம். நன்றாகச் சுருங்கினால் இதயம் குற்றமற்றது என்றும் நினைத்துவிடக் கூடாது. விறைத்துப்போன இதயமும், திடீரென்று ஒழுகத் தொடங்கிய வால்வும் சுருக்கத்தைக் குறைக்காமலே நுரையீரலை நனைக்கும்.

நீர் கருப்புப் பட்டையாகத் தெரியும். இறங்குமகாதமனிக்கு, அதாவது கீழ்நோக்கி இறங்கும் பெரிய ரத்தக்குழாய்க்கு, முன்னால் இருந்தால் இதய உறைக்குள், பின்னால் இருந்தால் நுரையீரல் உறைக்குள். எவ்வளவு என்பதைவிட எவ்வளவு வேகமாகச் சேர்ந்தது என்பதே முக்கியம்: சட்டென்று சேர்ந்த 200 மில்லி இதயத்தை நெரித்துவிடும், மாதக்கணக்கில் சேர்ந்தது ஒரு லிட்டரானாலும் தாங்கக்கூடும்.

மூன்றாவது கேள்விதான் ஆளை ஏமாற்றும், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வலது கீழறை சாதாரணமாக இடதில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டும் சமமாகத் தெரிந்தால் நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்திருக்குமோ என்று சந்தேகிக்கிறோம். ஆனால் மூங்கிலைச் சாய்த்து வெட்டினால் வாய் அகலமாகத் தெரியுமல்லவா? புரோப் சாய்ந்தாலும் அப்படித்தான், நல்ல அறையும் பெரிதாகத் தெரியும். ஒரே கோணத்தை நம்பாமல் இன்னொரு கோணத்திலும் பாருங்கள். அடுத்து சுவரைப் பாருங்கள். 5 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் அந்த வலது பக்கம் நெடுநாளாக மல்லாடியிருக்கிறது. வீக்கம் இன்றைக்கு வந்ததாக இல்லாமலும் இருக்கலாம். இதற்கு நேர்மாறும் உண்டு: சிறிய கட்டி வலது பக்கத்தைப் பெரிதாக்காது. வலது பக்கம் சரியாக இருக்கிறது என்பதால் கட்டியே இல்லை என்று எழுதிவிடக் கூடாது, மறுபடியும் சொல்கிறேன், எழுதிவிடக் கூடாது. இந்தக் கட்டி பெரும்பாலும் கால் சிரையிலிருந்துதான் வருகிறது, அதனால் அதே இயந்திரத்தில் புரோபை மாற்றித் தொடையிடுக்கிலும் முழங்காலுக்குப் பின்னாலும் சிரையை அழுத்திப் பாருங்கள். நசுங்காத சிரைக்குள் கட்டி இருக்க வாய்ப்பு அதிகம்.

நேரம் முடிகிறது என்று கைகாட்டுகிறார்கள். நுரையீரலைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், ஒன்றே ஒன்று. விலா இடைவெளி ஒன்றில் மூன்றோ அதற்கு மேலோ வெள்ளைக் கோடுகள் அடிவரை இறங்கி, இரு பக்கமும் பல இடங்களில் அப்படியே இருந்தால், நீர் கோத்த நுரையீரல் என்ற எண்ணம் வலுக்கிறது. கடைசியாக, உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரை 2.1 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்து, மூக்கை உறிஞ்சும்போதும் பாதியாகச் சுருங்காவிட்டால் வலது மேலறையில் அழுத்தம் கூடியிருக்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நன்றி, வணக்கம்.